'புது மிக்ஸ் 3'ல என்ன பாட்டு இருக்குன்னு யாருக்குத் தெரியும்?

டிஜே வேலைக்கு வந்த புதுசுல என் பவுச்ல இருந்த சிடிங்க மேல என்னென்ன எழுதி வச்சிருந்தேன்னு சொன்னா சிரிப்பீங்க. 'புது மிக்ஸ் 3', 'நல்ல பாட்டு', 'புது மிக்ஸ் 3 கரெக்ட்', இன்னொண்ணுல வெறும் தேதி. வீட்ல உக்காந்து எழுதும்போது எல்லாம் புரிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு. ஒருநாள் ராத்திரி ஃப்ளோர் நிறைய ஆளு, ஓடிட்டிருக்கற பாட்டு முடிய ஒரு நிமிஷம் கூட இல்ல, அடுத்து போட வேண்டியது 'புது மிக்ஸ் 3'லயா இல்ல 'கரெக்ட்'லயான்னு தெரியாம ஒண்ண உள்ள தள்ளி, ட்ராக் ட்ராக்கா தட்டிப் பாத்து, இது இல்லன்னு வெளிய எடுத்து அடுத்தத தள்றதுக்குள்ள பாட்டு முடிஞ்சு ஹாலே அமைதி. ஏழெட்டு செகண்டுதான் இருக்கும், இன்னிக்கு நினைச்சாலும் உடம்பு கூசுது.

இப்ப பென்டிரைவ் காலம், 2020ல வந்த சிடிஜே 3000ங்கற டிஜே பிளேயர்ல சிடி போட ஸ்லாட்டே கிடையாது, எல்லாம் தெரியும். ஆனா பழைய பிளேயர வச்சு பழகுறவங்க, லேப்டாப்ப நம்பாம சிடியும் கையில வச்சிருக்கறவங்க இன்னும் இருக்காங்க. பழக வர்ற பசங்க பவுச்ச திறந்து காட்டினா அங்கயும் அதே 'புது மிக்ஸ் 3' உக்காந்திருக்கு. அதான் சிடிக்கு எப்படி லேபிள் எழுதறதுன்னு சொல்ல உக்காந்தேன்.

பேனாவ எடுக்கறதுக்கு முன்னாடி, எந்தப் பாட்ட எந்த சிடியில போடறதுன்னு பாக்கணும். கோட்டை விடற இடமே அதுதான். ஒண்ணோட ஒண்ணு நல்லா சேர்ற பாட்டையெல்லாம் ஒரே சிடியில அழகா அடுக்கிடுவோம். பாக்க நேர்த்தியா இருக்கும், மிக்ஸ் பண்ண, அதாவது ஒரு பிளேயர்ல ஓடற பாட்டு மேலயே இன்னொரு பிளேயர்ல இருந்து அடுத்த பாட்ட ஏத்த, முடியாது. இடது பிளேயர்ல அந்த சிடி ஓடிட்டிருக்கும்போது அதுல இருக்கற மிச்சப் பாட்டு எல்லாம் உள்ளயே மாட்டிக்கிச்சு, வலது பிளேயர்ல போட கையில ஒண்ணுமில்ல. மூணாவது பாட்டுக்கு ஜோடி ஏழாவது பாட்டுன்னு தெரிஞ்சும் சும்மா பாத்துட்டு நிக்கணும். இதுக்கு ஒரே வழி, எந்த சிடிய ரைட் பண்ணாலும் ரெண்டா பண்ணுங்க. நான் ரெண்டு காப்பிக்கும் ஒரே நம்பர்தான் போடுவேன், ரெண்டாவதுல மட்டும் நம்பர சுத்தி ஒரு வட்டம். பவுச்ல ரெண்டும் எதிரெதிர் பக்கத்துல இருக்கும். ஒண்ணு கீறல் விழுந்தாலும் இன்னொண்ணு இருக்குங்கறது இலவச லாபம்.

இன்னொண்ணு, 80 நிமிஷ சிடின்னா 80 நிமிஷமும் ரொப்பணும்னு இல்ல. ஆடியோ சிடியில 99 ட்ராக் வரைக்கும் போடலாம், அதுக்காகப் போடறதா? எக்ஸ்டெண்டட் வெர்ஷன் ஒண்ணு ஆறு ஏழு நிமிஷம் வரும், பத்து பாட்டோட நிறுத்திடுவேன். லேபிள்ல பெரிய எழுத்தா எழுத இடம் வேணும்ல. எம்பி3யா போட்டா நூறு பாட்டுக்கு மேல பிடிக்குமேன்னு கேப்பாங்க, பிடிக்கும், ஆனா பழைய பிளேயர் பல எம்பி3 சிடிய படிக்காது, படிக்கறதுலயும் அந்த சின்ன ஸ்க்ரீன்ல தேடறதுக்குள்ள விடிஞ்சிடும்.

சரி, லேபிள். என் 47ஆம் நம்பர் சிடியில மூணாவது வரி இப்படி இருக்கும்: 3, அப்புறம் பாட்டுப் பேர்ல முதல் ரெண்டு வார்த்தை, 128, 8ஏ, 64. அவ்வளவுதான். 128ங்கறது பிபிஎம், அதாவது நிமிஷத்துக்கு எத்தனை பீட்ங்கறது. 8ஏங்கறது பாட்டோட கீ, அதாவது ஸ்ருதி; எந்தக் கீயோட எது சேரும்னு பாக்க டிஜேங்க வச்சிருக்கற கேமலாட் நம்பர்ல அது ஏ மைனர், அதுக்கு 7ஏ, 9ஏ, 8பி மூணும் பொருந்தும். கடைசி 64, பாட்டு முழுசா ஏற ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வெறும் பீட்டா எத்தனை பீட் ஓடும்ங்கற கணக்கு. 128 பிபிஎம்ல 64 பீட்னா சரியா 30 செகண்டு. அந்த 30 செகண்டுக்குள்ள பழைய பாட்ட இறக்கிடணும், இல்லன்னா ரெண்டு பாட்டும் ஒண்ணு மேல ஒண்ணு கத்தும். பிபிஎம் எல்லாரும் எழுதறாங்க, கீ பாதிப் பேர் எழுதறாங்க, இந்தக் கடைசி நம்பர யாரும் எழுதறதில்ல, எனக்கு அதிகமா உதவினது அதுதான்.

எழுதற பிபிஎம், வேகத்த ஏத்தி இறக்கற பிட்ச் ஸ்லைடர் நடுவுல, அதாவது பூஜ்யத்துல இருக்கும்போது அளந்ததா இருக்கணும். ஒரு பையன் மிக்ஸ் பண்ணிட்டிருக்கும்போதே ஸ்க்ரீன்ல தெரிஞ்ச நம்பர அப்படியே எழுதி வச்சிருந்தான், ஸ்லைடர் அப்ப எங்க இருந்துச்சோ, அத்தனையும் தப்பு. கீ விஷயத்துலயும் இதே கதைதான். வேகம் மாறினாலும் ஸ்ருதி மாறாம பாத்துக்கற மாஸ்டர் டெம்போ பட்டன போடாம 6 சதவீதம் வேகத்த ஏத்தினா பாட்டு கிட்டத்தட்ட அரை ஸ்வரம் மேல போயிடும், லேபிள்ல 8ஏன்னு இருந்தாலும் காதுல கேக்கறது 3ஏ. லேபிள நம்பி போட்டேன் சேரவே இல்லன்னு வருத்தப்படறவங்க முதல்ல அந்த பட்டன பாருங்க.

பேனா விஷயம். சிடியோட அடிப்பக்கம்தான் நாசூக்கு, எழுதற பக்கம் கெட்டின்னு நிறைய பேர் நினைச்சிட்டிருக்காங்க, நேர் தலைகீழ். 1.2 மில்லிமீட்டர் கனத்துல பெரும்பங்கு கீழ இருக்கற பிளாஸ்டிக்தான், லேசர் அத தாண்டிப் போய்த்தான் படிக்குது. டேட்டா இருக்கற சாயமும் அதுக்கு மேல இருக்கற கண்ணாடி மாதிரி பூச்சும் லேபிள் பக்கத்துல ஒரு மெல்லிசு கோட்டிங்குக்கு அடியிலயே இருக்கு. பால்பாயிண்ட் பேனாவால அழுத்தி எழுதினா அந்த எழுத்து டேட்டா மேலயே பதியும். அடியில விழுந்த சின்னக் கீறல பிளேயர் சமாளிச்சிடும், மேல பூச்சு உரிஞ்சா அந்த இடம் போனதுதான். சிடிக்குன்னே விக்கற மார்க்கர் வாங்குங்க, நெடி தூக்கற மார்க்கர் வேணாம். மனசுக்கு ரொம்ப பயமா இருந்தா நடு ஓட்டைய சுத்தி இருக்கற கண்ணாடி வளையத்துல நம்பர மட்டும் எழுதுங்க, அங்க டேட்டாவே இல்ல.

கறுப்பு மையில மட்டும் எழுதுங்க. நான் பீக் டைம் பாட்டுக்கெல்லாம் அழகா சிவப்பு மை போட்டு வச்சிருந்தேன், போன எடத்துல பிளேயர் பக்கம் முழுக்க சிவப்பு லைட்டு, சிவப்பு மை இருந்த இடமே தெரியல, வெறும் சிடி மாதிரி பல்லிளிச்சிட்டு இருந்துச்சு. பேப்பர் ஸ்டிக்கரும் வேணாம். பிளேயர் சூட்டுல ஓரம் தூக்கிக்கும், ஸ்லாட் உள்ள போய் ஒட்டிக்கிட்டா வெளிய வராது. கூட வேலை பாத்த ஒருத்தர் இப்படித்தான் பாதி ராத்திரியில பிளேயர தலைகீழா பிடிச்சு உலுக்கிட்டு நின்னாரு. உள்ள போகலன்னாலும் கொஞ்சம் கோணலா ஒட்டினா சுத்தும்போது ஆட்டம் குடுக்கும்.

பவுச்ல அடுக்கறது அவங்கவங்க இஷ்டம். பிபிஎம் வரிசையில அடுக்கறவங்க உண்டு, எனக்கு அது ஒத்து வரல, ஏன்னா 128லயே ஆள உக்கார வைக்கற பாட்டும் இருக்கு எழுப்பி விடற பாட்டும் இருக்கு. நான் ராத்திரி போற போக்குல அடுக்குவேன், ஆரம்பத்துக்கு முன் பக்கம், உச்சத்துக்கு நடுவுல, இறக்கறதுக்குக் கடைசி. அப்புறம் ரைட் பண்ணதும் பைனலைஸ் ஆச்சான்னு, அதாவது மத்த பிளேயரும் படிக்கற மாதிரி சிடிய மூடி முடிச்சாச்சான்னு, பாத்துட்டு வேற ஒரு பிளேயர்ல போட்டு கேளுங்க, கம்ப்யூட்டர்ல ஓடுதுங்கறது கணக்குல வராது. வெயில்ல நிக்கற கார்ல பவுச்ச விட்டுட்டுப் போகாதீங்க, அந்த சாயத்துக்கு வெயிலும் ஆகாது சூடும் ஆகாது.

ஒரு சிடியில ரெண்டு பாட்ட மாத்தி திரும்ப ரைட் பண்றீங்கன்னா பழைய நம்பரையே போடாதீங்க, புது நம்பர் குடுங்க, பழசு ரெண்டையும் அன்னிக்கே உடைச்சுப் போடுங்க. நான் 31ஆம் நம்பர்ல மட்டும் சோம்பேறித்தனம் பட்டுட்டேன். இன்னிக்கு என் பவுச்ல வட்டம் போட்ட 31 ரெண்டு, போடாத 31 ரெண்டு, எது புதுசுன்னு ஒவ்வொரு தடவையும் ஹெட்போன்ல போட்டு அஞ்சாவது ட்ராக்க கேட்டுத்தான் கண்டுபிடிக்கிறேன்.