கொலோனியா: 'காலனி' என்று எழுதலாமா?

இலத்தீனில் 'கொலேரெ' என்றால் நிலத்தைப் பண்படுத்துதல், ஓரிடத்தில் வாழ்தல். அதிலிருந்து பிறந்த 'கொலோனுஸ்' உழவனைக் குறிக்கும். உரோமை அரசு நிலம் பிரித்துக் கொடுத்து ஆட்களை அமர்த்திய ஊர் 'கொலோனியா'. நம்முடைய 'காலனி' இதே சொல்தான். ஆனால் ஐரோப்பியப் பேரரசுகளின் வழியாக, அவற்றின் பொருளையும் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தது.

ஊர் அமைக்கப் பெரும்பாலும் மூவர் குழு போகும். 'க்ரோமா' என்ற கருவியால் கோடு பிடித்து, வழக்கமாகப் பக்கம் 710 மீட்டர் கொண்ட சதுரங்களாக நிலத்தை அளப்பார்கள். ஒரு சதுரம் 200 'யூகெரும்' (உரோமையரின் நில அளவு). ஒரு யூகெரும் சுமார் 62 சென்ட். கி.மு. 181இல் வட இத்தாலியின் அக்குயிலேயா கொலோனியாவில் காலாள் ஒருவருக்கு 50 யூகெரும், குதிரை வீரருக்கு 140. கி.மு. 329இல் உரோமைக்குத் தெற்கே தர்ராசினாவில் 300 பேருக்குத் தலைக்கு 2 யூகெரும்தான், அதாவது ஒன்றேகால் ஏக்கர். ஒரு குடும்பம் அதை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாது. ஒரே சொல்லுக்குள் இவ்வளவு வேறுபாடு.

ஆனால் 19, 20ஆம் நூற்றாண்டு ஆய்வாளர்கள் பலர் தம் காலத்துப் பேரரசை மனத்தில் வைத்தே உரோமையைப் படித்தார்கள். அல்ஜீரியாவில் பிரான்சு தன்னை உரோமையின் வாரிசாகக் காட்டிக்கொண்டது. முசோலினியின் இத்தாலி 1938இல் சுமார் 20,000 பேரை லிபியாவில் குடியேற்றியபோதும் உரோமையின் பெயரே முழங்கியது. வந்தேறி ஒருபக்கம், அடங்கிய பூர்வகுடி மறுபக்கம், நடுவே உரோமையின் அச்சுப் பிரதியாக ஒரு நகரம் என்ற சித்திரம் இந்தச் சூழலில்தான் வலுப்பெற்றது.

சான்றுகள் அதற்கு இடம் கொடுப்பதில்லை. கி.மு. 338இல் அந்தியும் நகரில் கொலோனியா அமைத்தபோது, விரும்பிய உள்ளூர்க்காரர்களும் பெயர் பதியலாம் என்று அனுமதித்ததாக உரோமை வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். இத்தாலியின் கோசா கொலோனியா கி.மு. 273இல் நிறுவப்பட்டது, உரோமைச் சாயலுக்குச் சான்றாகக் காட்டப்படும் அதன் கப்பித்தோலியக் கோயிலோ (உரோமையின் தலைமைக் கோயிலின் மாதிரி) நூறாண்டுக்கும் மேல் கழித்து எழுந்தது. கொலோனியாக்கள் உரோமையின் 'சிறு உருவங்கள்' என்ற புகழ்பெற்ற கூற்று இலத்தீன் எழுத்தாளர் கெல்லியுஸ் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் எழுதியது. அதை நானூறு, ஐந்நூறு ஆண்டு பின்னோக்கி இழுத்துச் சென்று பொருத்துவது பெரும் பிழை.

தமிழில் எப்படி எழுதுவது? ஊரைக் குறிக்கக் 'குடியேற்ற நகர்'. ஊர் அமைத்து ஆட்களை அமர்த்தும் 'தேதூக்தியோ' என்ற செயலுக்குக் 'குடியமர்த்தல்' பொருந்தும். அரசு ஆட்களை அழைத்துச் சென்று அமர்த்துகிறது, அவர்களாகக் குடியேறவில்லை. இலங்கையில் கல்லோயா போன்ற அரசுத் திட்டங்களைக் 'குடியேற்றத் திட்டம்' என்கிறார்கள். நிலப்பங்கீடு என்ற அளவில் இந்த வழக்கு உரோமைச் செயலுக்கு நெருங்கி வருகிறது. 'காலனியாதிக்கம்', 'குடியேற்றவாதம்' இரண்டையும் நவீனப் பேரரசுகளுக்கே விட்டுவிட வேண்டும்.

ஓரிடத்தில் மட்டும் 'குடியேற்ற நகர்' தவறிப்போகும். பேரரசர் காலத்தில் கொலோனியா ஒரு பட்டமாகவும் மாறியது. பேரரசர் ஹாட்ரியனின் சொந்த ஊரான, ஸ்பெயினிலுள்ள இத்தாலிக்கா, புதிதாக யாரும் குடிவராமலே அந்தப் பட்டத்தைக் கேட்டது. கெல்லியுஸின் கூற்றும் இந்த வேண்டுகோளை ஒட்டி வருவதுதான். அங்கே 'கொலோனியா தகுதி' என்று எழுதுவதே சரி.