துணியை எடுத்துப் பார்க்காதீர்கள்

குழந்தை நன்றாகத் தூங்கும் நேரம் பார்த்துத்தான் நகம் வெட்ட உட்கார்ந்தேன். மூன்றாவது விரலில் நகவெட்டி நகத்தோடு சதையையும் கவ்விவிட்டது. கடுகளவு காயம்தான். ஆனால் அவள் சட்டை, என் கை எல்லாம் சிவப்பு. துணியை வைத்து அழுத்துவேன், நின்றுவிட்டதா என்று எடுத்துப் பார்ப்பேன். எடுக்கும்போதெல்லாம் ரத்தம் மறுபடி துளிர்த்தது.

நான் எடுத்துப் பார்த்ததுதான் தவறு. காயம் பட்டவுடன் அறுபட்ட ரத்தக்குழாய் சுருங்கும். கிழிந்த இடத்தில், ரத்தத்தில் மிதக்கும் தட்டணுக்கள் என்ற நுண்துகள்கள் வந்து ஒட்டிக்கொண்டு, ரசாயனங்களைச் சுரந்து மற்ற தட்டணுக்களையும் கூட்டிச் சேர்க்கும். இது மெத்தென்ற தற்காலிக அடைப்பு. அதன்மேல் ஃபைப்ரின் என்ற புரத இழைகள் வலைபோலப் பின்னினால்தான் அடைப்பு உறுதியாகும். அதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கும். இடையில் துணியை எடுத்தால் பாதி பின்னிய வலையும் அதோடு பிய்ந்து வந்துவிடும். அழுத்திப் பிடித்தால் ரத்த ஓட்டம் மட்டுப்பட்டு, வந்து சேர்ந்த தட்டணுக்கள் அடித்துச் செல்லப்படாமல் நிற்கும்.

அதனால் சுத்தமான துணியை வைத்து, கையைச் சற்று உயர்த்தி, கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். பஞ்சு வேண்டாம், அதன் இழைகள் காயத்தில் ஒட்டும். நூலோ ரப்பர் பேண்டோ போட்டு விரலை இறுக்கவே கூடாது. நின்றபின் சுத்தமான நீரில் மெதுவாகக் கழுவினால் போதும்.

"காப்பித்தூள வைடி, உடனே நின்னுடும்" என்றார் அம்மா. பாசத்தில் சொன்னதுதான். ஆனால் காப்பித்தூளும் மஞ்சளும் கிருமியைக் காயத்துக்குள் கொண்டுபோகலாம். சுண்ணாம்பு மெல்லிய தோலைப் புண்ணாக்கிவிடும். பிளாஸ்திரியும் ஆபத்துதான். விரலை வாயில் வைக்கும் வயதில் அது கழன்று தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

பிறந்தவுடன் குழந்தையின் தொடையில் போடும் வைட்டமின் கே ஊசிக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. ரத்தம் உறைய உதவும் நான்கு புரதங்களை முழுமையாக்க ஈரலுக்கு இந்த வைட்டமின் வேண்டும். நஞ்சுக்கொடி வழியாகவும் தாய்ப்பாலிலும் அது மிகக் கொஞ்சமே கிடைக்கிறது. இந்த வைட்டமினைக் கண்டுபிடித்த டென்மார்க்கின் ஹென்ரிக் டாம் 1943-ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அந்த ஊசி போடாத கைக்குழந்தைக்கு ரத்தம் கசிந்துகொண்டே இருந்தால் மருத்துவமனைக்குப் போக ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

மூன்று கிலோ குழந்தையின் உடலில் மொத்த ரத்தமே ஏறக்குறைய 240 மில்லிதான். நகவெட்டுக் காயத்தில் போவது சில துளிகள். ஆனால் பத்து நிமிடம் அழுத்தியும் நிற்காவிட்டாலோ, பீறிட்டு அடித்தாலோ, காயம் வாய்பிளந்து நின்றாலோ, அழுத்தியபடியே மருத்துவமனைக்குப் போங்கள்.

இப்போதெல்லாம் விரல் நுனிச் சதையை என் கட்டைவிரலால் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டு, பகல் வெளிச்சத்தில்தான் நகம் வெட்டுகிறேன். அவள் தூங்கவில்லை என்றால் இன்னொரு நாள்.