தேடுபொறிக்குச் சிக்காத பழைய தமிழ் ஒலிப்பதிவுகள்

எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடு பரவுமுன் உருவான தமிழ்த் தளத்தில் இருந்த வானொலி நாடகத்தை இன்று தமிழில் தட்டித் தேடினால் ஒன்றும் வராது. அழிந்துவிட்டது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். பக்கம் வேறு குறியேற்றத்தில், அதாவது எழுத்துகளைக் கணினியில் பதியும் வேறு முறையில், கிடக்கலாம்.

இலங்கைத் தளங்களில் அதிகம் புழங்கியது பாமினி. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைக்கும் எழுத்துரு அது. 'தமிழ்' என்ற சொல் கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றுதான் இருக்கும். 'பாடல்' என்பது ஜி, எச், எல், ஒய், அரைப்புள்ளி. தேடுபெட்டியில் அந்த ஆங்கில எழுத்துகளையே அடிக்க வேண்டும். சின்ன கே 'ம', பெரிய கே 'மு'. சின்ன யூ 'ர', பெரிய யூ 'ரு'. தேடுபொறி சிறிது பெரிது பார்ப்பதில்லை, அரைப்புள்ளியையும் உதறிவிடும். முருகனைத் தேடினால் மரகனும் கூடவே வருவான். நீளமான சொல்லாக எடுத்தால் குப்பை குறையும்.

திஸ்கி என்ற தமிழ்க் குறியேற்றம் வேறு ரகம். மேலே கோடும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் திரையில் தெரியும். தமிழ் நூல்களை மின்னூலாக்கும் மதுரைத் திட்டத்தின் தொடக்க கால மின்னூல்கள் பல இதில் வந்தவைதான். பக்கத்தின் மூலநிரலைத் திறந்து எழுத்துருவின் பெயரைப் பார்த்துக்கொண்டு, என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் போடலாம். திஸ்கியில் 'கொ' என்பது கண்ணில் படும் வரிசையில், கொம்பு, க, கால் என்று பதிவாகும். யூனிகோடில் ககரம்தான் முதலில். மாற்றிய பின் கொம்பு மட்டும் புள்ளி வட்டத்தைப் பிடித்துக்கொண்டு தனியே நின்றால் குறியேற்றத்தைத் தவறாகத் தேர்ந்திருக்கிறீர்கள். திரையிலிருந்து நகலெடுத்தால் சில பைட்டுகள் தொலையும், கோப்பையே சேமியுங்கள்.

இலவசமாகத் தளம் வைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸ் 2009-இல் மூடப்பட்டது போல, தளமே போயிருந்தால் அடுத்த இடம் பழைய வலைப்பக்கங்களின் காப்பகமான வேபேக் மெஷின். 1996 முதல் சேமித்த பக்கங்கள் அதில் உண்டு. ஆனால் பக்கத்துக்குள் இருக்கும் சொல்லைக் கொடுத்துத் தேட அது உதவாது, முகவரி வேண்டும். பழைய இதழ்களின் விளம்பரங்களிலும் மற்ற தளங்களின் இணைப்புப் பக்கங்களிலும் முகவரி அகப்படும். அதன் முடிவில் ஒரு நட்சத்திரக் குறி போட்டால் சேமிக்கப்பட்ட கோப்புகளின் பட்டியல் விரியும்.

பலர் ஏமாறுவது இதற்குப் பிறகுதான். பட்டியலில் 'ராம்' என்று முடியும் கோப்பைக் கண்டு குதிப்பார்கள். அளவோ சில பத்து பைட்டுதான். ரியல் ஆடியோ என்ற பழைய இணைய ஒலி வடிவத்தில் அது பாட்டே இல்லை, பாட்டு இருக்கும் முகவரியை எழுதிய வெறும் உரைக் கோப்பு. நோட்பேடில் திறந்து பாருங்கள். முகவரி 'ஆர்டிஎஸ்பி' என்ற ஒலிபரப்பு வழியில் தொடங்கினால் வேபேக்கின் சேமிப்பு நிரல் அதை எடுத்திருக்காது, அந்த நிரல் வலைப்பக்கங்களுக்கான எச்டிடிபி வழியில் மட்டும் போய் வந்தது. சில தளங்கள் அதே கோப்பை எச்டிடிபியிலும் வைத்திருந்தன. ஆகவே முன்னொட்டை எச்டிடிபி என்று மாற்றி, மிச்சப் பாதையை அப்படியே விட்டு வேபேக்கில் ஒருமுறை தேடுங்கள். 'ஆர்ஏ' அல்லது 'ஆர்எம்' கோப்பு கிடைத்தால் விஎல்சி என்ற இயக்கி பெரும்பாலும் இயக்கிவிடும்.

யூனிகோடு பக்கங்களிலும் ஒரு பொறி உண்டு. ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக் கொம்பும் ளகரமும் அடித்து 'கெளரவம்' என்று எழுதியவர்கள் ஏராளம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. நாடகத்தின் பெயரில் ஔகாரம் இருந்தால் இரண்டு விதமாகவும் அடித்துத் தேடுங்கள்.