பைலோனிடல் அறுவைக்குப் பின் வீட்டில் இருக்கும் நாட்களுக்கு இ.எஸ்.ஐ. பணம்

வால் எலும்பை ஒட்டிய பிளவில் முடி உள்ளே புதைந்து சீழ் கட்டுவதுதான் பைலோனிடல் சைனஸ். தையல் மெஷினிலும் ஓட்டுநர் இருக்கையிலும் நாளெல்லாம் உட்காருபவர்களை அது அதிகம் வாட்டுகிறது. அறுவை முடிந்ததும் விரைவில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் புண்ணைத் தைக்காமல் திறந்தே விட்டிருந்தால், அடியிலிருந்து சதை வளர்ந்து மூடுவதற்குப் பல வாரங்கள் ஆகும். அதுவரை அடிக்கடி டிரெஸ்ஸிங் மாற்ற வேண்டும். ஒருக்களித்தோ குப்புறவோதான் படுக்க முடியும். கூலி போகிறதே என்று பச்சைப் புண்ணோடு வேலைக்குத் திரும்பாதீர்கள். உங்கள் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்காக மாதாமாதம் பிடித்த 0.75 சதவீதம் இப்படிப்பட்ட நாட்களுக்கும் சேர்த்துத்தான்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ.யில் பதிவானவர்களுக்கு நோய்க்கால உதவித்தொகை உண்டு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை குறைந்தது 78 நாட்களுக்குச் சந்தா கட்டியிருந்தால், அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை கேட்கலாம். அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியது ஜூலை முதல் டிசம்பர் வரைக்கு. புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சிகிச்சை முதல் நாளிலிருந்தே உண்டு; இந்தப் பணம் மட்டும் ஒன்பது மாதம் கழித்துத்தான்.

தொகை, சராசரி நாள் கூலியில் 70 சதவீதம். 500 ரூபாய் கூலி என்றால் நாளுக்கு 350. ஆண்டுக்கு 91 நாட்கள் வரை கிடைக்கும். முதல் இரண்டு நாட்களுக்குப் பணம் இல்லை.

பலரும் இடறுவது மருத்துவச் சான்றில்தான். உங்கள் இ.எஸ்.ஐ. மருந்தகத்திலோ மருத்துவமனையிலோ, வேலைக்கு லாயக்கில்லை என்று டாக்டர் தரும் சான்றுதான் அடிப்படை. முதல் சான்று வாங்கியதோடு நின்றுவிடக் கூடாது. புண் ஆறும்வரை டாக்டர் சொல்லும் தேதிகளில் போய்த் தொடர்ச்சான்றும், தேறியதும் இறுதிச் சான்றும் வாங்குங்கள். நடுவில் சான்று இல்லாத நாட்களுக்குப் பணம் கேட்பது கடினம். தனியாரிடம் அறுவை செய்திருந்தால் டிஸ்சார்ஜ் சீட்டோடு உடனே மருந்தகத்துக்குப் போங்கள். தனியார் சான்றை ஏற்பதா என்பது இ.எஸ்.ஐ.யின் முடிவு. பணம் வங்கிக் கணக்கில்தான் வரும். கணக்கு எண் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று அறுவைக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

"சும்மா வந்து உட்கார்ந்துவிட்டுப் போ" என்று மேற்பார்வையாளர் கூப்பிட்டாலும் போகாதீர்கள். உட்காருவதுதான் இந்தப் புண்ணுக்கு ஆகாது. வேலை செய்த நாளுக்கும், சம்பளத்தோடு விடுப்பு எடுத்த நாளுக்கும் உதவித்தொகை கிடையாது. இந்தத் தொகை பெறும் காலத்தில் வேலையை விட்டு நீக்கவோ தண்டிக்கவோ முதலாளிக்கு அதிகாரம் இல்லை.

வேலைக்குத் திரும்பியபின் புண் மறுபடி பிரிந்தால், தயங்காமல் மீண்டும் சான்று வாங்குங்கள். முந்தைய நோய்க்காலம் முடிந்து 15 நாட்களுக்குள் என்றால், அந்த இரண்டு நாள் கழிவு இரண்டாம் முறை கிடையாது.