நம்பிக்கை எதிர்ப்பு அல்ல, முற்றுரிமைத் தடுப்பு

“மாமா, கூகுள் மேல ‘நம்பிக்கை எதிர்ப்பு வழக்கு’ன்னு போட்டிருக்கான். கம்பெனி நம்பிக்கை மோசடி பண்ணிடுச்சா? போட்ட பணத்தை எடுத்துடவா?”

அமெரிக்கத் தொழில்நுட்பப் பங்குகளில் மாதாமாதம் சிறு தொகை போட்டுவரும் என் தங்கை மகன் கேட்டது. அவன்மேல் பிழையில்லை. நம்பி ஒப்படைத்ததைச் சுருட்டினால் நம்பிக்கை மோசடி. ஆட்சியைக் கவிழ்க்கக் கொண்டுவருவது நம்பிக்கையில்லாத் தீர்மானம். இவற்றைப் படித்துப் பழகியவன் ‘நம்பிக்கை எதிர்ப்பு’ என்பதை வேறு எப்படிப் புரிந்துகொள்வான்? ‘நம்பிக்கையற்ற சட்டம்’ என்று எழுதியவர்களும் உண்டு. பத்தாண்டுகளாக இதைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுக்கவில்லை.

இப்படிப் பெயர்க்கப்பட்ட ஆங்கிலச் சொல் ‘ஆன்டிடிரஸ்ட்’. அதில் உள்ள ‘டிரஸ்ட்’ மனத்தின் நம்பிக்கை அல்ல. ஒருவர் சொத்தை இன்னொருவர் பொறுப்பேற்று நிர்வகிக்கும் சட்ட ஏற்பாடு. 1882இல் அமெரிக்க எண்ணெய் முதலாளி ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்டு ஆயில் கூட்டத்தார் இந்த ஏற்பாட்டை வளைத்தார்கள். பல நிறுவனங்களின் பங்குகளை ஒன்பது பொறுப்பாளர்களிடம் ஒப்படைத்து, பங்குதாரர்களுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். பெயருக்குத் தனித்தனி நிறுவனங்கள்; பிடியெல்லாம் ஒன்பது பேரிடம். சர்க்கரை, விஸ்கி ஆலைக்காரர்களும் அதே வழியில் போக, வணிகக் கூட்டுப்பிடிக்கே ‘டிரஸ்ட்’ என்று பெயர் நின்றுவிட்டது. பிறகு அந்த ஏற்பாடு வழக்கொழிந்தது. பெயர் மட்டும் ஒழியவில்லை.

இத்தகைய கூட்டுப்பிடிகளைத் தடுக்க அமெரிக்காவில் 1890இல் வந்த ஷெர்மன் சட்டத்தின் முழுத் தலைப்பில் ‘ஆன்டிடிரஸ்ட்’ என்ற சொல்லே கிடையாது. சட்டத்துக்குப் புறம்பான தடைகளிலிருந்தும் முற்றுரிமைகளிலிருந்தும் (சந்தை முழுதையும் ஒருவரே பிடித்துவைப்பது) வணிகத்தைக் காப்பதற்கான சட்டம் என்றுதான் அது தன்னைச் சொல்லிக்கொள்கிறது. செத்துப்போன ஏற்பாட்டின் பெயரை அகராதியில் தேடி நம்பிக்கையைக் கொண்டுவந்து ஒட்டுவதைவிட, சட்டமே சொல்வதைத் தமிழில் சொன்னால் போதாதா?

மாற்றாகச் சிலர் சொல்லும் சொற்களையும் பார்த்துவிடுவோம். ‘அறக்கட்டளை எதிர்ப்பு’ என்பது இன்னும் கேடு. ராக்ஃபெல்லர் 1913இல் உண்மையாகவே ஓர் அறக்கட்டளை தொடங்கினார். அதை யாரும் எதிர்த்துச் சட்டம் போடவில்லை. ‘போட்டிச் சட்டம்’ என்பதற்கு இந்தியாவின் 2002ஆம் ஆண்டுச் சட்டம் துணை நிற்கிறது. ஆனால் ‘கூகுள் மீது போட்டி வழக்கு’ என்று தலைப்பிட்டால் என்ன ஆகும்? போட்டி வேட்பாளர், போட்டிக் கூட்டம் என்று பேசும் நமக்கு, ஒரு வழக்குக்கு எதிராகப் போட்ட இன்னொரு வழக்கு என்றுதான் படும்.

‘ஏகபோக எதிர்ப்பு’ என்பதோடுதான் எனக்கு உண்மையான வழக்கு. ஏகபோகம் மேடைகளில் புழங்கிய சொல், பாமரருக்கும் புரியும். ஒருவரே துய்ப்பது என்ற பொருளும் கச்சிதம். வடசொல் என்பதற்காக மட்டும் அதைத் தள்ள மாட்டேன். ஆனால் அது கிளைவிடாது. மேல்நிலைப் பள்ளிப் பொருளியல் பாடத்தில் முற்றுரிமை இருக்கிறது. அதையொட்டி இருவர் முற்றுரிமை, சில்லோர் முற்றுரிமை என்று ஒரு குடும்பமே வளர்ந்திருக்கிறது. பதினாறு வயதுப் பிள்ளைகள் தேர்வில் எழுதும் சொல்லைச் செய்தி எழுதுபவர் ஏன் ஒதுக்க வேண்டும்?

அடுத்தது ‘எதிர்ப்பு’. தமிழில் எதிர்ப்பு என்பது மக்கள் செய்வது. இந்தி எதிர்ப்பு போல. சட்டம் செய்வது தடுப்பு: ஊழல் தடுப்பு, வன்கொடுமைத் தடுப்பு. ஆகவே முற்றுரிமைத் தடுப்புச் சட்டம்.

பெரிதாக வளர்வதே குற்றம் என்று இந்தச் சொல் காட்டாதா என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. அமெரிக்கச் சட்டத்தில் முற்றுரிமை பெற்றிருப்பதே குற்றமில்லை. முறைகேடான வழியில் அதைப் பிடிப்பதும் காத்துக்கொள்வதும்தான் குற்றம். 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா கூகுளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தபோது, கைப்பேசிகளிலும் உலாவிகளிலும் தன் தேடலே முதலில் நிற்பதற்காக ஆப்பிள் முதலான நிறுவனங்களுக்கு அது கொடுத்த பணம் மையமாக இருந்தது. 2021இல் மட்டும் 2,630 கோடி டாலர். மற்றவர் நுழையும் வாசலை விலை கொடுத்து அடைத்ததுதான் குற்றம். ‘தடுப்பு’ என்ற சொல் அந்த அடைப்பு வேலையைத் தடுப்பதையே குறிக்கிறது. ‘எதிர்ப்பு’ என்றால்தான் பெரிய நிறுவனம் என்றாலே பகை என்றாகும்.

இந்த நோய் ஒரு சொல்லோடு நிற்கவில்லை. புதிய தொழில்நுட்ப நிறுவனங்களில் இடர் ஏற்றுப் போடும் பணத்தைத் ‘துணிகர மூலதனம்’ என்கிறார்கள். நாளிதழில் துணிகரத்தை நாம் பார்ப்பது கொள்ளைச் செய்தியில். இடர் முதலீடு என்றால் பணம் போகவும் கூடும் என்பது சொல்லிலேயே விளங்கும். கணினிச் சேவைத் தொழிலில் பெரும்பணம் ஈட்டிய ராஸ் பெரோ 1992இல் கட்சி எதுவும் சாராமல் அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்று சுமார் 19 விழுக்காடு வாக்கு வாங்கினார். அதிபரை முடிவுசெய்யும் மாநிலவாரித் தேர்வாளர்களின் வாக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அவரைச் ‘சுதந்திர வேட்பாளர்’ என்று எழுதுகிறார்கள். வாக்குச்சாவடிக்குப் போன எந்தப் பாட்டிக்கும் தெரிந்த சொல் நம்மிடம் இருக்கிறது. பெரோ சுயேச்சை. செனட்டர் பெர்னி சாண்டர்ஸும் சுயேச்சை.