காப்பி எடுத்தாச்சு, ரீலைத் தூக்கிப் போட்டுடலாமா?

படப்பெட்டியைத் திறந்ததும் ஊறுகாய் ஜாடியைத் திறந்த மாதிரி புளித்த வாடை வந்தால், உள்ளே ரீல் கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த ஃபிலிமில் இருந்து அசிட்டிக் அமிலம், அதாவது வினிகரில் இருக்கும் அமிலம், கிளம்புகிறது, மூடிய டப்பாவுக்குள் சிக்கிய அந்த ஆவியே மிச்சத்தையும் அரிக்கும். பழைய பிரிண்ட்களைத் துடைத்து ஸ்கேன் செய்வதுதான் என் பிழைப்பு என்பதால் வாடை பழகிவிட்டது. பழகாதது, கொண்டுவருபவர்கள் கேட்கும் கேள்விதான்: "அதான் காப்பி எடுத்தாச்சே, இதைத் தூக்கிப் போட்டுடலாமா சார்?"

போடாதீர்கள். ஏன் என்பவர்களுக்கு நான் சொல்வது 'மெட்ரோபோலிஸ்' கதை.

ஜெர்மன் இயக்குநர் ஃப்ரிட்ஸ் லாங்கின் அந்த மௌனப் படம் 1927 ஜனவரியில் பெர்லினில் வெளியானபோது இரண்டரை மணி நேரம் ஓடியது. அப்புறம் வெட்டித் தள்ளினார்கள், கால்வாசிப் படம் போனது போனதுதான் என்று எண்பது வருடம் நினைத்திருந்தோம். 2008ல் பியூனஸ் அயர்ஸ் சினிமா அருங்காட்சியகத்தில் அநேகமாக முழுப்படமும் கிடைத்தது, ஆனால் 16 எம்.எம். அகலச் சின்ன ஃபிலிமில்! வெட்டுப்படாமல் அர்ஜென்டினாவுக்குப் போன 35 எம்.எம். பிரிண்ட், நைட்ரேட் என்ற பழைய ரக ஃபிலிம். தீப்பிடித்தால் தண்ணீருக்குள் முக்கினாலும் எரியும் சாதி அது, எரியத் தேவையான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது. அந்தப் பயத்தில் சின்ன ஃபிலிமில் ஒரு காப்பி எடுத்துக்கொண்டு அசலை ஒழித்துவிட்டார்கள். எடுக்கும்போது சரியாகச் சுத்தம் செய்யவும் இல்லை.

ரீலின் முதுகில் உள்ள கீறலை ஒரு திரவத்தில் நனைத்தபடி ஸ்கேன் செய்தால் பெரும்பாலும் மறைத்துவிடலாம். காப்பி எடுக்கும்போது படத்தோடு படமாகப் பதிந்துவிட்ட கீறலை அப்படி மறைக்க முடியாது. 2010ல் வந்த மீட்புப் பிரதியில் இப்படிக் கிடைத்த 25 நிமிடக் காட்சிகள் வரும் இடங்களில் கீறல்கள் மழை மாதிரி பெய்துகொண்டே இருக்கும், ஓரத்தில் கறுப்புப் பட்டையும் தெரியும், காப்பி எடுத்தபோது ஃபிரேமின் விளிம்பு வெட்டுப்பட்டதால். அசல் இருந்திருந்தால் இன்றைய கருவிகளுக்கு இது ஒரு வேலையே இல்லை.

சரி, உங்கள் வீட்டுப் பரணில் ரீல் இருக்கிறதா? முதலில் கீழே இறக்குங்கள், வெயில் காலத்தில் பரண் அடுப்பு மாதிரி. பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டாதீர்கள். வாடை அடிப்பதைத் தனியாக வையுங்கள், நல்லதையும் கெடுத்துவிடும். புரொஜெக்டரில் மட்டும் ஓட்டிப் பார்க்க வேண்டாம், சுருங்கிய ஃபிலிமின் ஓரத்துளைகள் பல்சக்கரத்தில் மாட்டி வரிசையாகக் கிழியும்.