தண்ணீர் கேட்க வராது, பாட்டு வரும்

பக்கவாதம் வந்ததிலிருந்து பேச்சே இல்லாத தாத்தா, ரேடியோவில் பழைய பாட்டு வந்தால் பல்லவியைப் பிசகாமல் பாடுகிறார் என்று ஒரு வாசகி எழுதியிருக்கிறார். தண்ணீர் வேண்டுமென்றால் மட்டும் சொம்பைக் கை காட்டுகிறாராம். “நடிக்கிறாரோ என்று வீட்டில் சிலருக்குச் சந்தேகம்.”

நடிப்பே இல்லை. இதற்கு அஃபேசியா என்று பெயர். ஸ்ட்ரோக் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு வருவது. நாக்கில் கோளாறு இல்லை, புத்தியும் போய்விடவில்லை. பெரும்பாலானோருக்கு மொழியைக் கவனிப்பது மூளையின் இடப்பக்கம். அடி அங்கே விழுந்திருக்கிறது. 1861-இல் பாரிஸில் புரோக்கா என்ற மருத்துவர் பார்த்த நோயாளிக்கு ‘டான்’ என்ற ஓசை மட்டும்தான் வரும். ஆனால் தான் சொல்ல வருவது எதிராளிக்குப் புரியாமல் கோபம் வந்தால், முழுசாக ஒரு வசவு வந்து விழும்!

வசவும் பாட்டும் ஒரே ஜாதி. ஏழெட்டு எவ்வளவு என்று திடீரென்று கேட்டால் நம்மில் பலர் ‘ஈரேழு பதினாலு, மூவேழு இருபத்தொண்ணு’ என்று ராகம் போட்டு ஏறித்தான் ஐம்பத்தாறைப் பிடிக்கிறோம். நுனியை இழுத்தால் சரம் முழுக்க வரும். நினைத்ததைச் சொல்லப் புதிதாக வாக்கியம் கட்டுவது வேறு வேலை. தாத்தாவிடம் சரம் இருக்கிறது, கட்டும் கைதான் இல்லை.

அப்படியானால் பாட்டு வழியாகப் பேச்சைக் கொண்டுவர முடியுமா? 1973-இல் பாஸ்டனில் ஆல்பர்ட், ஸ்பார்க்ஸ், ஹெல்ம் என்ற மூன்று ஆய்வாளர்கள் இதற்கு ஒரு முறை வகுத்தார்கள்: மெலடிக் இன்டோனேஷன் தெரபி, அதாவது ராகம் போட்டுப் பேசவைக்கும் சிகிச்சை. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். சினிமாப் பாட்டெல்லாம் கிடையாது. உயரம் ஒன்று, தாழ்வு ஒன்று, இரண்டே சுருதி. தமிழில் செய்வதானால் ‘தண்-ணீ வே-ணும்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். தெரபிஸ்ட் முதலில் வார்த்தை இல்லாமல் முனகுவார். அசைக்கு ஒரு தட்டாக நோயாளியின் இடது கையை மேசையில் தட்டுவார். அப்புறம் வார்த்தையோடு, இருவரும் சேர்ந்து. பாதியில் தெரபிஸ்ட் சத்தமில்லாமல் நழுவிக்கொள்ள, ‘வேணும்’ நோயாளியின் வாயிலிருந்து தனியாக வரும். பிறகு “என்ன வேணும்?” என்று தெரபிஸ்ட் கேட்பார், நோயாளி பதில் சொல்வார். கடைசியில் ராகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்த்து, சாதாரணப் பேச்சில் கொண்டுவந்து நிறுத்துவார்.

இடது கை ஏன்? அதை இயக்குவது அடிபடாத வலது மூளை. கையையும் வாயையும் அசைக்கும் பகுதிகள் அங்கே அருகருகே இருக்கின்றன. தட்டினால் வாயும் உசுப்பப்படும் என்பது கணிப்பு. 2009-இல் பாஸ்டனில் ஷ்லாக் என்ற ஆய்வாளரின் குழு, இந்தப் பயிற்சி பெற்ற ஆறு பேரின் வலது மூளையில் நரம்பிழைக் கற்றை ஒன்று பெருத்திருப்பதைப் படம் பிடித்தது. சரி, ராகம்தான் மருந்து என்று முடித்துவிட முடியாது. 2011-இல் ஜெர்மனியில் 17 பேரை வைத்துப் பார்த்தபோது, பாடுவது தாளத்தோடு சொல்வதைவிட மேலாக இல்லை. தாளமும் பழகிய சொற்களும்தான் கை கொடுத்தன. எனக்கு இதில் ஏமாற்றம்தான். ஆனாலும் அந்த ஜெர்மன் ஆய்வாளர்கள் சொல்வது சரியென்றே படுகிறது.

இன்னொன்று: சொல்வது புரிகிற, ஆனால் சொல் வெளியே வராத வகைக்குத்தான் இந்தச் சிகிச்சை பொருந்தும், சரளமாக உளறும் வகைக்கு அல்ல.

 இதற்கிடையில் யாராவது வசம்பைச் சுட்டு நாக்கில் தடவச் சொல்வார்கள். வேண்டாம். ஸ்ட்ரோக் வந்தவருக்கு விழுங்குவதிலும் சிக்கல் இருந்தால் வாயில் வைப்பது நுரையீரலுக்குப் போகக்கூடும்.

‘ஆறு மாதத்துக்கு மேல் முன்னேற்றம் வராது’ என்று சொல்லப்பட்டதாகவும் வாசகி எழுதியிருக்கிறார். ஆறு மாதம் தாண்டிய 156 பேருக்கு ஜெர்மனியில் வாரம் பத்து மணி நேரத்துக்குக் குறையாமல் மூன்று வாரம் பேச்சுப் பயிற்சி கொடுத்தார்கள். அன்றாடப் பேச்சு தேறியதை 2017-இல் வெளியிட்டார்கள். ஸ்பீச் தெரபிஸ்டிடம் கூட்டிப் போங்கள். வீட்டில், தாத்தா வார்த்தையைத் தேடும்போது முந்திக்கொண்டு நீங்கள் சொல்லிவிடாமல் கொஞ்சம் பொறுங்கள். சொம்பு கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். கேட்டால்தான் தண்ணீர் என்று மட்டும் வைத்துவிடாதீர்கள்.